மின்சாரம் திரும்பும் வழி

கொழும்புக் கோட்டைக்குப் புறத்தே அமைந்தமையால் புறக்கோட்டை எனப் பெயர் பெற்ற பகுதியை ஆங்கிலேயர் ‘பெட்டா’ என வழங்கினர். அது நம் ‘பேட்டை’ என்னும் சொல்லின் திரிபு என்பதைக் கலைப்பீடத்து மாணவன் என்ற முறையில் நான் நன்கறிவேன். ஆனால், அதே புறக்கோட்டையின் முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாதனக் கடையொன்றின் முன் நின்று, “எத்தனை அம்பியர் தம்பி?” என்று கடைக்கார நானா வினவியபோது என் அறிவு முழுவதும் என்னைக் கைவிட்டது.

அம்பியர் தேடி நான் அலைய நேர்ந்த கதை இது. பிரதான வீதியில் புடைவைக் கடையொன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் பணிபுரிந்த என் தந்தை, மின்வெட்டும் எரிபொருள் வரிசையும் நாட்டை வாட்டிய 2022ஆம் ஆண்டிலே வேலையை இழந்தார். கையிலிருந்த சேமிப்பைக் கொண்டு, நாட்டை விட்டுப் புறப்பட்ட ஒருவரிடமிருந்து பழைய பயண இழுவண்டி ஒன்றை வாங்கினார். உள்ளே கட்டில் இருந்த இடத்தில் அடுப்பு வந்தது. மேசை இருந்த இடத்தில் கொத்துரொட்டிக்கான இரும்புக் கல் வந்தது. வெள்ளவத்தையில் கடலை நோக்கிய ஒழுங்கையொன்றின் முனையில், உறவினர் ஒருவரின் வெற்றுக் காணியில் அவ்வண்டி நின்றது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அதனை வாகனத்தில் பூட்டிக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டு செல்வோம்.

மாட்டுவண்டியை அவிழ்த்தால் ஏர்க்கால் நிலத்தில் விழாதிருக்க முட்டுக்கட்டை கொடுப்பதை நம் ஊர்களிற் கண்டிருப்பீர்கள். இழுவண்டியின் ஏர்க்காலுக்கு முட்டுக்கட்டையாக நிற்பது ஒரு ஜாக்கி. எங்கள் வண்டியில் இருந்தது மின்சார ஜாக்கி. பொத்தானை அழுத்தினால் 12 வோல்ற்று பற்றரியினால் இயங்கும் சிறு மோட்டர், உள்ளேயுள்ள திருகாணியைச் சுழற்றி வண்டியின் மூக்கை உயர்த்தும், தாழ்த்தும். வாகனத்திற் பூட்டவும் கழற்றவும் மட்டுமன்றி, வண்டியை மட்டமாக நிறுத்தவும் அது வேண்டும். வண்டி சாய்ந்து நின்றால் எண்ணெய் கல்லின் ஒரு பக்கத்தில் தேங்கும். மறுபக்கத்தில் ரொட்டி கருகும். சமையலுக்கும் மட்டத்துக்கும் இத்துணை உறவுண்டு என்பதை அந்த வண்டி வரும்வரை நான் எண்ணியதேயில்லை.

ஈராண்டுக் கடற்காற்றில் ஜாக்கியின் பற்சக்கரங்கள் துருவேறி இறுகின. கைப்பிடியைச் செருகிச் சுற்றலாம். ஆனால் தந்தைக்கு இதய சத்திரசிகிச்சை நடந்து ஓராண்டும் ஆகவில்லை. பாரமான வேலை எதுவும் கூடாது என்பது வைத்தியர் கட்டளை. ரொறன்ரோவில் வாழும் பெரியம்மாவின் மகன் புதிய ஜாக்கியொன்றை அனுப்பி வைத்தார். பெட்டிக்குள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அச்சிட்ட ஒரு தாள் இருந்தது. அதனை வாசித்துத் தமிழிற் சொல்லும் பொறுப்பு எனக்கு. வீட்டிலே ‘படிக்கிற பிள்ளை’ நான்தானே!

வேலை கடினமானதாகத் தோன்றவில்லை. மூன்று ஆணிகளைக் கழற்றிப் பழையதை எடுத்துப் புதியதைப் பூட்டவேண்டும். ஜாக்கியிலிருந்து வரும் ஒற்றை வயரை 30 அம்பியர் உருகி ஒன்றினூடாகப் பற்றரியின் நேர்முனையில் இணைக்கவேண்டும். மின்சாரம் திரும்பிச் செல்வதற்குத் தனி வயர் இல்லை. வண்டியின் இரும்புச் சட்டகமே அதன் வழி. இந்தப் பட்டியலோடுதான் 100ஆம் இலக்க பஸ்ஸிலேறிப் புறக்கோட்டைக்குச் சென்றேன். மலிவாக இருந்ததால் ஏழு கம்பிகள் முறுக்கிய வயரைக் காட்டினேன். நானா தலையசைத்தார்.

“தம்பி, இது ஊட்டு வயர். சுவருக்குள்ள சும்மா கெடக்கும். ஓடுற சாமானுக்கு இது சரி வராது. குலுங்கிக் குலுங்கி முறிஞ்சு போகும்.”

நுண்ணிய இழைகள் பல சேர்ந்த, தடித்த வயரை வெட்டித் தந்தார். உருகியைப் பற்றரிக்கு அருகிலேயே வைக்குமாறும் சொன்னார். உருகி மோட்டரைக் காப்பதற்கு என்றே நான் எண்ணியிருந்தேன். அது வயரைக் காப்பதற்கு. வயர் எங்கேனும் உரசி இரும்பைத் தொட்டால் தீப்பிடிக்குமுன் தான் உருகிவிடும். ஆகவே உருகிக்கும் பற்றரிக்கும் இடையிலுள்ள வயர் காவலற்றது. அது குறுகியிருத்தல் வேண்டும்.

சனிக்கிழமை தந்தை ஏர்க்கால் முழுவதற்கும் இரண்டு பூச்சு வெள்ளிநிறம் அடித்தார். ஞாயிறன்று பூட்டினோம். வெற்று வண்டி பொத்தானுக்குப் பணிந்து எழுந்தது, தாழ்ந்தது. ஒழுங்கைச் சிறுவர்கள் கைதட்டினார்கள். கலைப்பீடத்தின் மானம் காக்கப்பட்டது என்று எனக்குள் ஒரு செருக்கு.

வெள்ளிக்கிழமை மாலை நான் விரிவுரை மண்டபத்தில் இருந்தேன். எரிவாயுச் சிலிண்டர்களும் நீர்த்தாங்கியும் ஏற்றிய வண்டியின் மூக்கை உயர்த்தத் தந்தை பொத்தானை அழுத்தியிருக்கிறார். ஜாக்கி ஓரங்குலம் எழுந்து, முனகி, நின்றுவிட்டது. உருகி உருகவில்லை. கொட்டாஞ்சேனையில் வாடிக்கையாளர் காத்திருப்பார்களே என்ற எண்ணத்தில், எவரையும் கூப்பிடாமல் கைப்பிடியைச் செருகிச் சுற்றியிருக்கிறார். நான் வந்து சேர்ந்தபோது அவர் கவிழ்த்த வாளியொன்றின்மேல் அமர்ந்திருந்தார். வலக்கை மார்பில் இருந்தது. “ஒண்டுமில்லை, கொஞ்சம் களைப்பு” என்றார். அன்றிரவு அவரை வைத்தியசாலையில் வைத்துக்கொண்டார்கள். காலையில் ஆபத்தில்லை என அனுப்பினார்கள். அந்த இரவைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

சனிக்கிழமை மீண்டும் நானாவின் கடை. நடந்ததைக் கேட்டவர் அப்பாவின் நலத்தை முதலில் விசாரித்தார், பின்னர், “பிளஸ்ஸ ஒழுங்காப் பாத்தீங்க. மைனஸப் பாத்தீங்களா?” என்று கேட்டார். பற்றுச்சீட்டின் பின்புறத்தில் ஒரு படம் வரைந்தார். மோட்டர் பாரத்தைத் தூக்கும்போது, ஜாக்கியின் உடலுக்கும் பற்றரியின் எதிர்முனைக்கும் இடையே அளந்து பார்க்கச் சொல்லிச் சிறிய மானியொன்றையும் தந்தார்.

அளந்தேன். கிட்டத்தட்டப் பூச்சியமாக இருக்கவேண்டிய இடத்தில் மானி நான்கு வோல்ற்றைக் காட்டியது. பள்ளி ஆசிரியராயிருந்த ஜோர்ஜ் ஓம் 1827இல் வெளியிட்ட நூலில் வகுத்த விதியைச் சாதாரணதரப் பரீட்சைக்காக மனனம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்தவன் நான். இப்போது அது தானாக நினைவுக்கு வந்தது. இருபது அம்பியர் ஓடும் பாதையில் ஓர் ஓமின் ஐந்திலொரு பங்கு தடை போதும், நான்கு வோல்ற்றை விழுங்குவதற்கு. பற்றரியின் பன்னிரண்டில் மோட்டருக்கு எட்டே எஞ்சும். வெறுமையான வண்டிக்கு எட்டு போதுமாயிருந்தது, பாரமேறியதும் போதவில்லை. அந்தத் தடை எங்கிருந்து வந்தது? தந்தை ஆசையோடு அடித்த இரண்டு பூச்சு வெள்ளிநிறத்திலிருந்து. நிறம் மின்சாரத்தைக் கடத்தாது.

தாளை மீண்டும் எடுத்தேன். ‘பூட்டுமிடத்தில் உள்ள நிறத்தைச் சுரண்டி நீக்குக, பல்லுள்ள வாஷர் இடுக’ என்ற பொருளில் ஒரு வரி அங்கே தெளிவாக இருந்தது. முதல்நாளே அதனைக் கண்டிருந்தேன். புதிதாக அடித்த நிறத்தைச் சுரண்டச் சொன்னால் தந்தையின் முகம் வாடுமே என்றும், அது அழகு பற்றிய ஏதோ சிறுகுறிப்பு என்றும் கருதி, மொழிபெயர்க்கும்போது அவ்வரியைத் தாண்டிவிட்டேன். உரையாசிரியர்கள் ஒரு சொல்லையும் விடாது பொருள் கண்ட மரபைப் பற்றி நான் கட்டுரை எழுதிப் புள்ளி பெற்றிருந்தது அதற்கு முந்திய மாதத்தில்தான்.

ஆணிகளைக் கழற்றி, இரும்பு வெண்மையாய் ஒளிரும்வரை அரத்தாள் கொண்டு தேய்த்தேன். கடற்காற்றில் இரும்பு மறுபடியும் துருவேறும் என்பதால், சட்டகத்தை மட்டும் நம்பாமல், நேர்முனைக்குப் போட்ட அதே தடிப்பில் இன்னொரு வயரை ஜாக்கியின் உடலிலிருந்து பற்றரியின் எதிர்முனைக்கே கொண்டு சென்றேன். இணைப்புகளின்மேல் கிரீஸ் பூசினேன். சிலிண்டர்கள் ஏற்றியபடியே வண்டி எழுந்தது. மானி அரை வோல்ற்றைக்கூடக் காட்டவில்லை.

அன்று மாலை தந்தையிடம், “அந்த வரியை நான் வாசிச்சுச் சொல்லேல்லை, அப்பா” என்றேன். அவர் சிறிது நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி, இப்ப வாசி” என்றார்.

தலைப்பிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்திப் பொருள் கேட்டார். இரண்டு வரிகளுக்கு என்னால் விடைசொல்ல முடியவில்லை. அவற்றின் கீழ்ப் பென்சிலால் கோடிட்டு, நானாவிடம் கேட்டு வரச் சொன்னார். பழைய கைப்பிடியை நான் எங்கேனும் ஒளித்துவிட எண்ணியிருந்தேன். அவர் அதனை எண்ணெயிட்டுத் துடைத்து, வண்டியின் கதவுக்குப் பின்னால் தம் கைக்கெட்டும் உயரத்திலேயே மாட்டி வைத்தார்.