அரண்மனைக் குசினி

ரொபர்ட் நொக்ஸின் புத்தகத்தில் இரண்டாம் இராஜசிங்கன் சாப்பிட உட்காரும் இடம் ஒன்று வரும். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் கைதியாகக் கிடந்து தப்பிப்போன அந்த ஆங்கிலேயர் 1681-இல் லண்டனில் வெளியிட்ட நூல் அது. வெள்ளைத் துணி விரித்த சிறு மேசை. அரசன் தனியாக அமர்ந்திருப்பான். தங்கத் தட்டின்மேல் பச்சை வாழையிலை. 20, 30 வகைக் கறிகள் உள்ளே வந்துசேரும். அவன் எதைக் கேட்கிறானோ அதில் ஒரு பங்கை, அந்த வேலைக்கென்றே வைத்திருக்கும் பிரபு ஒருவர் அகப்பையால் அள்ளி இலையில் வைப்பார். மூச்சு சாப்பாட்டில் பட்டுவிடக் கூடாதென்று போலும், அவர் வாயைத் துணியால் கட்டியிருப்பார். குசினியில் வேலைசெய்யும் பெண்கள் அழகிகள் என்றும் சொல்லிவிட்டு நொக்ஸ் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார். எனக்குத்தான் அந்த இடத்தை விட்டு நகர மனம் வருவதில்லை. அந்த வாய்க்கட்டுப் பிரபு யார்? 30 சட்டியில் அரசன் கேட்பது நாலைந்து என்றால் மற்றவை யாருக்குப் போயின? தொடர்ந்து பத்து நாள் தன் சட்டியை அவன் திரும்பியே பார்க்கவில்லை என்றால் அதைச் சமைத்தவள் இரவில் தூங்கியிருப்பாளா? உப்புக் கூடியதற்கு யார் தலை உருண்டது? நொக்ஸிடம் இதற்கெல்லாம் பதில் இல்லை. குசினிக்குள் விட்டிருந்தால் அவரும் பார்த்து எழுதியிருப்பார்.

இப்படி ஒரு பத்தி கொரியர்கள் கையில் கிடைத்திருந்தால் விட்டிருக்கமாட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்தது இதைவிடக் குறைவு. 1506 முதல் 1544 வரை ஆண்ட ஜுங்ஜோங் அரசன் காலத்து அரச நாட்குறிப்புகளில், ஜாங்-கும் என்ற வைத்தியப் பெண்ணின் பெயர் அங்கொன்றும் இங்கொன்றுமாக வருகிறது, அவ்வளவுதான். அந்த ஒற்றை நூலைப் பிடித்துக்கொண்டு 2003-இல் இயக்குநர் லீ பியுங்-ஹுன் 54 அத்தியாயத் தொடர் எடுத்தார். 2012-இல் ரூபவாஹினி அதைச் சிங்களக் குரலில் 'சுஜாத தியணி' என்று போட்டபோது, மொழி பாராமல் வீடுகள் அதன் முன்னால் உட்கார்ந்தன. ஏன் உட்கார்ந்தன என்று கேட்டால் எல்லாரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: நல்ல பெண், எத்தனையோ துன்பம், கடைசியில் வெற்றி. எனக்கு இது போதவில்லை. துன்பப்படும் நல்ல பெண்களுக்கு நம் தமிழ்த் தொடர்களில் என்ன பஞ்சம்? தெருவுக்கு நாலு பேர் அழுதுகொண்டுதான் இருக்கிறார்கள். ஜாங்-குமிடம் இருந்து அவர்களிடம் இல்லாதது வேலை. கொரியத் தொடர்களில் நல்லவை எல்லாம் வேலையைப் பற்றியவை என்பதே என் கட்சி. காதல், குடை, முதல் பனி, மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போகும் கோபக்காரக் கதாநாயகன் எல்லாம் மேலே தூவிய கொத்தமல்லி.

சான்றாக ஒரு காட்சி போதும். ஜாங்-கும் சிறுமியாகக் குசினிப் பயிற்சிக்கு வந்த புதிது. பொறுப்பாளரான ஹான் அம்மையார் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார். கொண்டுவருகிறாள். இது இல்லை, போ. மறுபடி வெந்நீர் கொண்டுவருகிறாள், இதுவும் இல்லை. இலை மிதக்கவிட்டுக் கொடுக்கிறாள், இல்லை. நாட்கள் போகின்றன. பிறகு ஒருநாள், செத்துப்போன தன் தாய் தண்ணீர் கொடுக்குமுன் என்ன செய்வாள் என்பது பிள்ளைக்கு நினைவு வருகிறது. வயிறு குளிர்ந்திருக்கிறதா, தொண்டை கரகரக்கிறதா, வயிறு ஒழுங்காகப் போகிறதா என்று ஹான் அம்மையாரைக் கேட்கிறாள். தொண்டைதான் கொஞ்சம் நோகிறது என்கிறார் அவர். உடனே வெதுவெதுப்பான நீரில் சிறிது உப்பைக் கரைத்து, ஒரே மடக்கில் குடிக்காமல் தேநீர்போல மெல்லக் குடியுங்கள் என்று நீட்டுகிறாள். அங்கேதான் பரீட்சை முடிகிறது. குடிப்பவர் இன்றைக்கு எப்படி இருக்கிறார் என்று கேட்காமல் கொடுக்கும் தண்ணீர் வெறும் தண்ணீர் என்பதை ஒரு கிண்ணத்தைக் கொண்டே சொல்லி முடித்துவிட்டார்கள். சூழ்ச்சியும் இல்லை, கன்னத்தில் அறையும் இல்லை. ஆனாலும் பார்ப்பவர் அடுத்த கிண்ணத்துக்காகக் காத்திருக்கிறார். அந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர்கள், அதாவது வீட்டில் மூன்று வேளையும் சமைப்பவர்கள், இன்னும் கூர்ந்து பார்க்கிறார்கள். நாள் முழுக்க மாடாய் உழைத்துவிட்டு வருபவர் திரையிலும் உழைப்பையா பார்ப்பார் என்று கேட்பவர்களுக்கு 'சுஜாத தியணி'யே பதில். தான் செய்யும் வேலையைத் திரை மதித்துக் காட்டினால் யார்தான் எழுந்து போவார்?

இதெல்லாம் பொய் வரலாறு என்று ஒரு வாதம் உண்டு. அது நியாயமான வாதம்தான். நாட்குறிப்புகளில் ஜாங்-கும் வைத்தியப் பெண் மட்டுமே. குசினிக் கதை முழுக்கக் கற்பனை. கொரியாவின் ஜோசோன் வம்ச அரண்மனையின் பெருஞ்சமையல்காரர்களில் ஆண்களே அதிகம் என்றும் வரலாற்றாசிரியர்கள் காட்டுகிறார்கள். ஆனால் ஆட்களைப் பற்றிப் பொய் சொன்ன தொடர், வேலையைப் பற்றிப் பொய் சொல்லத் துணியவில்லை. அரண்மனைக் குசினியில் பணிசெய்த கடைசிப் பெண்களில் ஒருவரான ஹான் ஹீ-சுன் என்பவரிடம் ஹ்வாங் ஹே-சங் என்ற ஆசிரியை பல ஆண்டு உட்கார்ந்து அந்தச் சமையலைக் கற்றார். கொரிய அரசு அதைக் காக்கவேண்டிய கலைச்செல்வமாக அறிவித்தது. ஹ்வாங்கின் மகள் ஹான் போக்-ரியோதான் தொடரின் சாப்பாட்டுக்கு ஆலோசகர். ஆக, திரையில் நறுக்கும் முள்ளங்கிக்கும் கடைசி அரண்மனைக்கும் நடுவில் மூன்று பெண்களே நிற்கிறார்கள். கண்டியிலும் இப்படியொரு தொடர்ச்சி அறுபடாமல் இருக்கிறது. தலதா மாளிகையின் முளுதன்கே என்னும் குசினியில் இன்றைக்கும் நாள்தோறும் புனித தந்தத்துக்கான படையல் சமைக்கப்படுகிறது; பரம்பரைச் சேவைக் குடும்பங்கள் முறைவைத்துச் செய்கின்றன. கோல்புறூக் விசாரணைக்குப் பின் 1830-களின் தொடக்கத்தில் அரசுக்கான இராஜகாரிய ஊழியத்தை ஆங்கிலேயர் ஒழித்தபோதும் கோயில் நிலங்களுக்கான ஊழியம் தப்பிப் பிழைத்தது. அரசர் போய்விட்டார், குசினி போகவில்லை. சிங்களத் திரைக்காரர்கள் கண்டி அரண்மனைக்குள் போகிறபோதெல்லாம் நேரே, வெட்டுண்ட பிள்ளைகளின் தலைகளை இடிக்கவைக்கப்பட்ட எஹெலபொல குமாரிஹாமியின் உரலுக்குப் போய் நிற்கிறார்கள். அந்தக் கொடுமையைக் காட்ட வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் ஓர் அரண்மனையில் தலைவெட்டு எப்போதோதான் நடக்கும். சமையல் தினமும் நடக்கும். மதுரைப் பக்கத்திலிருந்து அரசிகள் வந்திறங்கிய நாயக்கர் காலத்தில் அந்தக் குசினியில் புளி கூடியதா, யார் முகம் சுளித்தார்கள் என்பதெல்லாம் ஒரு தொடருக்குப் போதாதா?

தமிழ்த் தொடர்களுக்கு வருகிறேன். சன் தொலைக்காட்சியின் 'சந்திரலேகா' 2014-இல் தொடங்கி 2022 வரை 2,000 அத்தியாயங்களைத் தாண்டி ஓடியது. கொரியத் தொடர் பெரும்பாலும் 16 அத்தியாயத்தில் கடையைக் கட்டிவிடும். நீளத்தைக்கூட மன்னிக்கலாம். நம் தொடர்களில் எல்லா ஆண்களுக்கும் ஒரு 'கம்பெனி' இருக்கிறது. அதில் டெண்டர் வரும், பைல் காணாமல்போகும், பங்கு கைமாறும். அந்தக் கம்பெனி என்ன செய்து விற்கிறது என்று எட்டு வருடம் பார்த்தவர்களும் சொல்ல முடியாது. பெண்கள் காலையில் பட்டுச்சேலையோடு குசினியில் நிற்பார்கள், அடுப்பில் எதுவும் கொதிக்காது. கொரியாவிலோ 2014-இல் 'மிசேங்' என்று ஒரு தொடர் வந்தது. வணிக நிறுவனமொன்றில் ஒப்பந்த ஊழியனாகச் சேரும் பையனின் கதை. போட்டோ பிரதி எடுப்பது, கோப்புகளுக்குப் பெயரிடுவது, பற்றுச்சீட்டை ஒட்டுவது, இவற்றிலேயே 20 அத்தியாயம் நெஞ்சைப் பிடித்து உட்கார வைத்தார்கள். ஒப்பீடு சரியில்லை, ஒன்று அன்றாடத் தொடர், மற்றது பணம் போட்டு எடுத்த வார இறுதிச் சரக்கு என்பார்கள். உண்மைதான். கொரியாவிலும் தினசரி அழுகைத் தொடர்கள் குவிந்து கிடக்கின்றன. 'பென்ட்ஹவுஸ்' பார்த்தவருக்கு நம் மாமியார்கள் தெய்வங்களாகத் தெரிவார்கள். 2014 வாக்கில் புதுயுகம் தொலைக்காட்சி தமிழில் பேசவைத்த 'பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்' தொடரிலும் யாரும் ஒரு வேலையும் செய்வதில்லை, நாலு பணக்காரப் பையன்கள் தலைமுடியைச் சரிசெய்வதைத் தவிர. அது எனக்குப் பிடிக்காததற்கு அதுவே காரணம். கொரியா உயர்ந்தது, தமிழ் தாழ்ந்தது என்பது என் வாதம் இல்லை. தமிழ் சினிமா 'அங்காடித் தெரு'வையும் 'மேற்குத் தொடர்ச்சி மலை'யையும் எடுத்திருக்கிறது. கடைப் பையனின் கால்வலியும் ஏலக்காய் மூட்டையின் கனமும் அவற்றில் உண்டு.

கொரியாவைத் தாண்டிப் பார்த்தாலும் எனக்கு மனத்தில் நிற்கும் ஆசியப் படங்கள் இந்தச் சாதிதான். ஆங் லீயின் 'ஈட் டிரிங்க் மேன் வுமன்' தாய்வானியச் சமையல்காரர் ஒருவர் மீனையும் வாத்தையும் நறுக்கும் கையோடு தொடங்குகிறது. குரோசாவாவின் 'இகிரு' 1952-இல் வந்தது. குட்டையைத் தூர்த்துத் தரும்படி கேட்டு வரும் தாய்மாரை ஒரு பிரிவு இன்னொரு பிரிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும் அந்தக் காட்சிக்கு, கச்சேரி வாசலில் ஒரு கையெழுத்துக்காக நின்ற எவருக்கும் உபதலைப்பு தேவைப்படாது.

வேலை இல்லாத ஆசியா எப்படி இருக்கும் என்று பார்க்க வெகுதூரம் போகவேண்டாம், கண்டிக்கு மேலே ஹந்தானைக்குப் போனால் போதும். ஸ்பீல்பேர்க்கின் 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஒஃப் டூம்' 1984-இல் வெளியானது. இந்தியாவில் அனுமதி சரிவராமல் படக்குழு இங்கே வந்து, ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் இந்தியக் கிராமம் ஒன்றைக் கட்டி எழுப்பியது. விக்டோரியா அணை வேலை நடந்துகொண்டிருந்த பக்கத்தில் தொங்குபாலத்தைக் கட்டி அறுத்தது. கிராமத்து மூத்தவராக நம் டி. ஆர். நாணயக்கார, தெரியாத ஆங்கிலத்தை இயக்குநர் சொல்லச் சொல்ல ஒலிபிடித்துப் பேசினார். இந்தியக் கிராமத்தார் சிங்களம் பேசுகிறார்கள். அதை இங்கே பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். எனக்கு உறுத்துவது வேறு. மழைக்கும் பனிக்கும் பேர்போன சரிவில், ஆண்டாண்டாகக் கொழுந்து பறிக்கும் கைகளுக்கு நடுவில், காய்ந்துபோன ஒரு கிராமத்தை நட்டு, அதன் சனங்களுக்கு வெள்ளைக்காரனைத் தொட்டுப் பார்ப்பதையும் காத்திருப்பதையும் தவிர வேறு வேலையே கொடுக்கவில்லை. அதே படத்தின் அரண்மனை விருந்தில் குரங்கு மூளையும் பாம்பும் வருகின்றன. சமைத்தவர் யார் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை, அருவருப்புக்கு மட்டும்தான் இடம். ஜாங்-குமின் உப்பு நீரையும் இந்த விருந்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஆசியப் படம் என்றால் என்ன என்று தனியே பாடம் எடுக்கவேண்டியதில்லை.

2025-இல் வந்த, ஆங்கிலத்தில் 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டாஞ்சரின்ஸ்' என்று பெயர்கொண்ட தொடர் ஜேஜு தீவில் மூச்சடக்கி மூழ்கிக் கடல் நத்தை எடுக்கும் பெண்களைக் காட்டுகிறது. அதில் ஒரு சிறுமி, நத்தைக்காகத் தாய் தண்ணீரை விட்டு ஏறாமல் கிடப்பதை எண்ணி, அந்தக் காசைத் தானே கொடுத்து அவளை ஒருநாள் ஓய்வாக வைக்க ஆசைப்பட்டுக் கவிதை எழுதுகிறாள். இதைப் பார்க்கும் மலையகத்தவருக்கு நிறுவை நினைவு வராமல் போகாது. ஜேஜுவில் நத்தை, இங்கே கொழுந்து; தராசு ஒன்றே. சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கிலோ வெட்டுவதும், கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுவதும், ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் 2021-இல் வர்த்தமானியில் ஏறுவதற்குள் நடந்த இழுபறியும் எந்த அரண்மனைச் சதிக்கும் குறைந்தவை இல்லை. 1867-இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டதிலிருந்து இந்தக் கதைக்கு வயது 150-க்கு மேல். சி. வி. வேலுப்பிள்ளையும் தெளிவத்தை ஜோசப்பும் எழுத்தில் செய்துகாட்டினார்கள். திரையில் வி. பி. கணேசனின் 'புதிய காற்று' 1975-இல் வந்தது. அதற்குப் பின் தமிழ்த் திரை மலைக்கு வருவது பெரும்பாலும் பாட்டுக்கு. பின்னணியில் பச்சை, கொழுந்துக் கூடை ஓர் ஆபரணம். ஹந்தானையின் பழைய தொழிற்சாலையைத் தேயிலை அருங்காட்சியகமாக்கி இயந்திரங்களைத் துடைத்து வைத்திருக்கிறார்கள். அந்த இயந்திரங்களுக்கு முன்னால் நின்றவர்களின் பேச்சை எடுத்து வைக்க ஒரு தொடர் வேண்டும்.

கடைசியாக ஒரு மறுப்பு, இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கொரியர்கள் காட்டுவது தங்கள் வேலையை. தங்களுக்காக மற்றவர் செய்யும் வேலையை எங்கே காட்டுகிறார்கள்? 2004 முதல் இலங்கையர்கள் அரசாங்க ஒப்பந்தத்தின் கீழ் கொரியத் தொழிற்சாலைகளுக்கும் மீன்பிடிப் படகுகளுக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். தொடர்களில் அவர்கள் கிட்டத்தட்ட இல்லை. 2021-இன் 'ஸ்குவிட் கேம்' பாகிஸ்தானியத் தொழிலாளி அலியைக் கொண்டுவந்தது. இந்திய நடிகர் அனுபம் திரிபாதி நடித்தார். முதலாளி பல மாதச் சம்பளத்தைப் பிடித்து வைத்திருக்கிறான். கேட்கப்போன இடத்தில் கைகலப்பு, முதலாளியின் கை இயந்திரத்தில் மாட்டுகிறது, அலி காசு உறையை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். சில நிமிடத்தில் காட்சி முடிந்துவிடும். அந்த இயந்திரம் என்ன செய்கிறது, அலி அதில் எத்தனை கெட்டிக்காரன் என்று கேட்க, ஒரு கிண்ணத் தண்ணீருக்கு அத்தனை நாள் கொடுத்த நாட்டின் திரைக்கு நேரமில்லை. கொரியாவுக்குப் போக இங்கே மொழிப் பரீட்சைக்குப் படிப்பவனின் பாடப்புத்தகத்தில் கருவிகளின் பெயரும், பாதுகாப்புப் பலகைகளும், மேற்பார்வையாளரிடம் விடுமுறை கேட்கும் விதமும் இருக்கின்றன. பேச்சு பழக அவன் தொடர் பார்க்கிறான். அங்கே கேட்பதெல்லாம் காதலர்களும் நிறுவனத் தலைவர்களும் பேசும் கொரிய மொழி.