முதுகில் போட்ட ஊசி

ஸ்டீராய்டைத் திட்டி எழுதினால் படிக்கிறவர்கள் தலையாட்டுவார்கள். என்னால் முடியாது. அந்தச் சின்ன மாத்திரைமேல் எனக்கு இன்னமும் பிரியம் உண்டு. வெளியே சொல்லத்தான் கூச்சம்.

மகள் பிறந்த சில மாதங்களில் எனக்கு முடக்குவாதம் வந்தது. காலையில் விரல் மடங்காது. பிள்ளையின் ஜபலாவுக்கு முடிச்சுப் போடக்கூட அத்தையைக் கூப்பிட வேண்டும். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை ஆரம்பித்த வாரமே அந்த முடிச்சை நானே போட்டேன். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1948 செப்டம்பரில் டாக்டர் பிலிப் ஹென்ச் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை முதலில் போட்டுப் பார்த்தது, இதே நோயால் முடங்கிக் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்குத்தான். சில நாளில் அவர் நடந்தே கடைத்தெருவுக்குப் போய்விட்டாராம். 1950இல் ஹென்ச்சுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பக்க விளைவுகளின் முழுக் கணக்கு பிறகுதான் வந்தது. அந்தப் பெண்ணின் சந்தோஷம் எனக்குப் புரிகிறது.

என் கணக்கு 31 வயதில் வந்தது. ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும்போது நடுமுதுகில் சுளீரென்றது. வீட்டில் எல்லாருக்கும் காரணம் தெரிந்திருந்தது: “சிசேரியன்ல முதுகுல ஊசி போட்டாங்கல்ல, அதான்.” நம் ஊரில் பிள்ளை பெற்றவளின் எந்த முதுகுவலிக்கும் இந்த ஒரே பதில்தான். பக்கத்து கிளினிக்கிலும் அதையே சொல்லி, தசைப்பிடிப்புக்கு மாத்திரையும் தடவ ஒரு ஜெல்லும் தந்தார்கள். அந்த ஊசி எலும்பை நொறுக்காது. எக்ஸ்ரே எடுக்கச் சொன்னவர் என் ருமட்டாலஜிஸ்ட். படத்தில் ஒரு முள்ளெலும்பு மட்டும் முன்பக்கம் நசுங்கி ஆப்புபோல இருந்தது. இப்படிப்பட்ட முறிவுகளில் பல வலியே இல்லாமல் வந்து போகுமாம். என்னுடையது வலித்தது நல்லதாயிற்று.

முடக்குவாதத்தில் மூட்டு வீங்குகிறது, சிவக்கிறது, கத்துகிறது. அதனால் எல்லாரும் மூட்டைப் பார்க்கிறார்கள். எலும்பு சத்தமே போடாது. மூட்டை வீங்க வைக்கும் அதே அழற்சி, எலும்பை அரிக்கும் செல்களையும் தூண்டிவிடுகிறது. ஸ்டீராய்டோ எலும்பைக் கட்டும் செல்களை மந்தமாக்குகிறது. அதிக இழப்பு முதல் சில மாதங்களிலேயே நடந்துவிடுகிறது. வலிக்குப் பயந்து நடமாடாமல் இருப்பதும் சேர்ந்துகொள்ளும். தாய்ப்பால் தரும்போதும் எலும்பு கொஞ்சம் கரையும், ஆனால் பால் மறந்தபின் பெரும்பாலும் மீண்டுவிடும். முப்பதை ஒட்டித்தான் எலும்பின் சேமிப்பு உச்சத்தைத் தொடுகிறது. சேர்க்க வேண்டிய வயதில் நான் செலவழித்துக்கொண்டிருந்தேன்.

எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்த பெண், “உங்க வயசுக்கு எதுக்கு மேடம் இது?” என்றார். மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கு டி ஸ்கோரைவிட இசட் ஸ்கோரைத்தான் பார்க்க வேண்டும். அது நம் வயதுக்காரர்களோடு ஒப்பிடுவது. மைனஸ் 2, அதற்கும் கீழே என்றால் வயதுக்குக் குறைவு. எனக்குக் குறைவாகத்தான் இருந்தது. அந்த எண்ணை மட்டும் வைத்து இந்த வயதில் எலும்புப்புரை என்று சொல்லிவிட மாட்டார்கள். என் விஷயத்தில் முறிவும் இருந்தது.

அடுத்து டாக்டர் கேட்டார், “அடுத்த குழந்தை பத்தி யோசனை இருக்காம்மா?” எலும்புக்கான அலெண்ட்ரோனேட் போன்ற மருந்துகள் எலும்பிலேயே வருடக்கணக்கில் தங்குபவை, அதனால் இளம்பெண்களுக்கு யோசித்துத்தான் கொடுப்பார்கள். மூட்டுக்கு நான் எடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டையும் கர்ப்பத்துக்கு முன்பே நிறுத்தியாக வேண்டும். பக்கத்தில் அத்தை உட்கார்ந்திருந்தார். இன்னொன்று வேண்டாம் என்று நானும் என் கணவரும் பேசி முடித்து வெகுநாளாகிவிட்டது, வீட்டில்தான் சொல்லவில்லை. அங்கே வைத்துச் சொன்னேன். ஆட்டோவில் திரும்பும்போது அத்தை பேசவே இல்லை. வீட்டு வாசலில் இறங்கியதும், “உன் முதுகு முதல்ல நேராகட்டும்” என்றார்.

இப்போது ஞாயிறுதோறும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு அலெண்ட்ரோனேட் மாத்திரை. பிறகு அரைமணி நேரம் படுக்கக் கூடாது, காபியும் கூடாது. அடுக்களையிலிருந்து டிகாக்‌ஷன் வாசனை வரும்போது அந்த அரைமணி நேரம் பெரிய தண்டனை. பெண்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது ஐசிஎம்ஆர். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 இருக்கிறது; மீதிக்குப் பால், தயிர், முள்ளோடு நெத்திலி. வைட்டமின் டி குறைவாக இருந்ததால் அதற்கும் மருந்து. இத்தனை வெயிலடிக்கும் ஊரில் அது குறைவது விசித்திரம்தான், ஆனால் வெயிலில் நிற்பவர் யார்? மாடியில் நின்றால் பக்கத்து வீட்டு அக்கா, “கறுத்துருவ, உள்ள போ” என்கிறார்.

ஸ்டீராய்டு அளவு இப்போது மிகவும் குறைந்துவிட்டது. டாக்டர்தான் படிப்படியாகக் குறைத்தார். நாமாகச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. நீங்கள் அதை மூன்று மாதத்துக்கு மேல் தினமும் எடுப்பவராக இருந்தால், வயது இருபத்தைந்தே ஆனாலும், எலும்பைப் பற்றி அடுத்த முறை நீங்களே டாக்டரிடம் கேளுங்கள். முதுகு வலித்தால் ஊசிமேல் பழியைப் போடுமுன் ஒரு எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்றும் கேட்டுவிடுங்கள்.