அண்ணாவின் ரயில்

பொம்மை ரயில் என்ஜின்களைக் கழற்றிப் பார்ப்பது எனக்கு ஒரு பைத்தியம். வீட்டில் இதைப்பற்றி நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனால் செய்தி தெருவில் பரவிவிட்டது. 83 வயதான பக்கத்து வீட்டு மாமா ஒரு நாள் தகரப் பெட்டியோடு வந்து நின்றார்.

உள்ளே ஹார்ன்பி டப்ளோ டாங்க் என்ஜின் ஒன்று, மூன்று சரக்கு வண்டிகள், நடுவே மூன்றாவது கம்பி ஓடும் தண்டவாளத் துண்டுகள். லிவர்பூல் மெக்கானோ கம்பெனி 1938-ல் தொடங்கிய வரிசை அது.

"அண்ணாவோடது. அப்பா கப்பலில் என்ஜினியர், லிவர்பூலிலேர்ந்து வாங்கிண்டு வந்தார். அண்ணா 1944-லே டைபாய்டிலே போயிட்டான். எனக்கு ஏழு வயசிலே அம்மா பீரோவிலேர்ந்து எடுத்துக் கொடுத்தா. அவன் சாமானெல்லாம் அதிலேதான் இருக்கும். உடைச்சுடுவேனோன்னு பயந்து பயந்துதான் தொடுவேன். எனக்குன்னு அப்பா எதுவும் வாங்கினதில்லே."

கடைசி வாக்கியத்தைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

என்ஜின் ஓடாததற்குப் பெரிய காரணம் இல்லை. கம்யுடேட்டரின் செப்புத் துண்டுகளுக்கு இடையே இருக்கும் பிளவுகளில் கரிப்பொடி அடைத்திருந்தது. பல்குத்தும் குச்சியால் சுரண்டி, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தேன். அச்சின் இரு முனைகளிலும் ஊசிமுனையால் ஒரு சொட்டு எண்ணெய். அதற்குமேல் விட்டால் கம்யுடேட்டரில் போய்க் கரியோடு குழைந்துகொள்ளும். ஆர்மேச்சரை மட்டும் வெளியே எடுக்கவில்லை. எடுத்த இடத்தில் உடனே ஓர் இரும்புத் துண்டை வைக்காவிட்டால் காந்தம் பலமிழந்துவிடும். என் சொந்த என்ஜின் ஒன்று அப்படித்தான் நொண்டியாகக் கிடக்கிறது.

காந்தத்தைப் பார்த்ததும் என் கை நின்றது. போருக்கு முந்திய என்ஜினாயிருந்தால் குதிரை லாடம்போல் வளைந்த காந்தம் இருக்க வேண்டும். இதில் இருந்ததோ அல்நிகோ உலோகத்தாலான சின்னக் கட்டி. அது போருக்குப் பின் வந்த சமாசாரம். யாராவது மோட்டாரை மாற்றியிருக்கலாமே என்று வண்டிகளையும் புரட்டிப் பார்த்தேன். பழைய தட்டை எஃகுக் கொக்கிகளைக் காணோம். எல்லாம் போருக்குப் பிறகு வந்த, தாமே மாட்டிக்கொள்ளும் கொக்கிகள்.

அண்ணா இந்த ரயிலைக் கண்ணால் கண்டிருக்கவே முடியாது.

எழுபத்தைந்து வருஷத்து நினைவைத் திருத்த நான் யார் என்று ஒரு நாள் முழுவதும் பேசாமல் இருந்தேன். கதை எழுதுகிறவனுக்கு அதற்குமேல் சங்கோசம் தாங்காது. மறுநாள் சொல்லிவிட்டேன்.

மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மோட்டாரை வெகுநேரம் பார்த்தார்.

"லாடம் இல்லையே?"

"இல்லை, மாமா."

இரண்டாம் தடவையும் கேட்டார். பிறகு வேஷ்டியை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். 12 வோல்ட் மின்சாரத்துக்கு ரயில் நிதானமாகச் சுற்றிவந்தது. வேகத் திருகைத் தம் கைக்கு வாங்கிக்கொண்டார்.

"இன்னும் வேகமா விடலாமாடா?"

"வளைவிலே கவிழ்ந்துடும், மாமா."

"கவிழட்டும்" என்றார்.