மடிப்புக் கூடார வண்டி

இம்மலருக்குக் கட்டுரையொன்று வரைந்தனுப்புமாறு மலராசிரியர் பணித்தபோது, கல்லூரியின் பெருமையைக் கூறுதற்கு எம்மினும் வல்லார் பலருளர் என எண்ணினோம். ஆதலின், எம் வாழ்விற் பட்டறிந்த ஒரு சிறு விடயத்தை எழுதத் துணிந்தோம். கனடாவிற் குடியேறிய பழைய மாணவருட் பலர் கோடையிற் குடும்பத்துடன் காடும் ஏரியும் நாடிச் செல்வர். அன்னார்க்கேனும் இது பயன்படக்கூடும்.

2011ஆம் ஆண்டு, பிறரொருவர் பாவித்த மடிப்புக் கூடார வண்டியொன்றை வாங்கினோம். இது மோட்டார் வண்டியின் பின்னே கொளுவி இழுத்துச் செல்லப்படுவது. மூடியிருக்கும்போது வெறும் பெட்டி. கைப்பிடியொன்றைச் சுழற்றினால் கம்பிவடங்களும் கப்பிகளும் இயங்கிக் கூரை மேலெழும். இரு அந்தங்களிலும் கட்டில்கள் வெளியே நீளும். சுற்றிலும் துணிச்சுவர் நிற்கும். பிறர் 'கேம்பர்' என்னும் இதனை எம் தாயார் 'கம்பர்' என்றே வழங்குவார். கம்பர் வீட்டுக் கட்டுத்தறியும் கவி பாடும் என்பர். எம் கம்பர் வீடு முதலாண்டிற் பாடியது ஒப்பாரியே.

விற்றவர் கூறாத சங்கதிகள் பல. வண்டியின் நிறையை மட்டும் பார்த்து, எம் மோட்டார் இழுக்கும் என நம்பினோம். உள்ளே ஏற்றும் நீர், எரிவாயு, பாத்திரம், படுக்கை ஆகிய அனைத்தும் அந்நிறையோடு சேரும் என்பதை ஏற்றமான பாதையிலேதான் உணர்ந்தோம். பின்னோக்கிச் செலுத்தும்போது, வண்டி இடப்புறம் திரும்பவேண்டின் சுக்கானை வலப்புறம் திருப்பல் வேண்டும். இதைக் கற்பதற்குள் ஒரு வேலிக்கம்பத்தை இழந்தோம். அதன் விலையையும் கொடுத்தோம். விரிப்பதற்கும் ஒழுங்குண்டு. முதலிற் சில்லுகளுக்குக் கட்டை அணைத்து, மட்டம் பார்த்து, நான்கு மூலைகளிலும் தாங்கிகளை இறக்கிய பின்னரே கூரையை உயர்த்தல் வேண்டும். கட்டில்களுக்கு முட்டுக் கொடுக்குமுன் குழந்தைகளை ஏறவிடலாகாது. மாரி வருமுன் குழாய்களில் நிற்கும் நீரை வடித்தல் வேண்டும். தவறின் அது உறைந்து குழாயை வெடிக்கச் செய்யும். சுண்டெலி புகும் துவாரங்களை அடைத்தலும், சில்லுகளின் பெயரிங்குகளுக்குக் கிறீஸ் இடுதலும் ஆண்டுதோறும் செய்யும் கடன்கள்.

இவை யாவும் பொறுமையாற் கற்கத்தக்கவை. எமக்கு நேர்ந்த பெரும்பிழை வேறு.

அவ்வாண்டு ஆகஸ்ட் மாத நடுப்பகுதியில், ரொறன்ரோவிற்கு வடக்கேயுள்ள அல்கொன்குயின் பூங்காவிற்குச் சென்றோம். 1893இல் நிறுவப்பெற்ற பெருங்காடு அது. ஏரிக்கரையில் மூன்று இரவுகள் இன்பமாகக் கழிந்தன. நான்காம் இரவு பெருமழை பெய்தது. மறுநாட் காலையிலும் விடவில்லை. அதற்கடுத்த நாள் பணிக்குச் செல்லவேண்டியிருந்தமையால், துணி சொட்டச் சொட்ட மடித்து மூடினோம். ஊர் சேர்ந்ததும் உலர்த்துவோம் என மனையாளிடம் உறுதி கூறினோம். யாம் வாழ்ந்ததோ மாடிக் குடியிருப்பு. வண்டியை விரிக்க முற்றமில்லை. வாடகைக்கு நிறுத்தும் வளவொன்றில் விட்டு, வார இறுதியிற் பார்ப்போம் என்றிருந்தோம். அவ்வார இறுதியும் அடுத்ததும் வேலையிற் போயின.

செப்டெம்பர் முதற் திங்கட்கிழமை அந்நாட்டிற் தொழிலாளர் தின விடுமுறை. அதற்கு முந்திய வெள்ளி மாலை, வேறொரு காட்டில் வண்டியை விரித்தபோது துணியெங்கும் கரும்புள்ளிகள். பூஞ்சண நாற்றம் மூக்கைத் துளைத்தது. துடைத்தோம், சாளரங்களைத் திறந்துவிட்டோம், ஓரிரவுதானே எனப் படுத்தோம். எம் இளைய மகளுக்கு அப்போது ஏழு வயது. தொய்வு நோய் உடையவள். நள்ளிரவில் மூச்செடுக்க இயலாது எழுந்திருந்தாள். உறிஞ்சுமருந்து போதவில்லை. இருட்டில் நாற்பது நிமிடம் மோட்டாரைச் செலுத்தி வைத்தியசாலையை அடைந்தோம். விடியுமுன் அவள் மூச்சுச் சீரடைந்தது இறைவன் அருளே.

மனையாள் ஒன்றே ஒன்று கேட்டார்: "ஈரமெண்டு தெரிஞ்சுதானே மடிச்சனீங்கள்?"

எம்மிடம் விடை இருக்கவில்லை. வைத்தியசாலை விறாந்தையில் இருந்தபோது, கல்லூரி மைதானம் நினைவில் எழுந்தது. சாரணர் பாசறை முடிந்து திரும்பும் நாளில், எம் சாரண ஆசிரியர் எவரையும் வீடு செல்ல விடமாட்டார். கூடாரத் துணிகளை மைதானத்தில் விரித்து, வெயிலிற் புரட்டிப் புரட்டிக் காயவிட்டு, தையலோரங்களைத் தம் கையாற் தடவிப் பார்ப்பார். காய்ந்தது என அவர் தலையசைத்த பின்னரே மடிப்போம். பசியோடு நின்ற யாம் அவரை மனத்துள் வைததுமுண்டு. பாசறை முடிவது வீட்டில் அன்று, மைதானத்திலேயே என்பதை அவர் சொல்லித் தரவில்லை, செய்து காட்டினார். நாற்பதாண்டு கழித்து எம் மகளின் மூச்சினாற் கற்றோம்.

கறை போகவில்லை, துணி முழுவதையும் கழற்றி எறிந்தோம். 2012 இளவேனிலிற் புதுத்துணி பூட்டினோம். அதன் செலவு வண்டி வாங்கிய விலையின் பாதியை எட்டியது. விற்றுவிடுவோமா என ஆலோசித்தவேளை, நகருக்கு வெளியே வாழும் எம் வகுப்புத் தோழரொருவர் தம் வீட்டு முற்றத்தைத் தந்தார். அன்றுதொட்டு மழையில் மடித்த வண்டி எம் வீடு செல்லுமுன் அவர் வீடு செல்லும். இரண்டு நாட்களுக்குள் விரித்து, மெத்தைகளை நிமிர்த்தி, தையலோரங்களைக் கையாற் தடவிப் பார்ப்போம். வாங்க விழையும் நண்பர்களுக்கு யாம் கூறுவது இதுவே: வண்டியின் விலையை வினவுமுன், அதனை விரித்து உலர்த்த இடமுண்டோ, அதற்கொரு நாள் ஒதுக்க மனமுண்டோ என உம்மையே வினவுக.

2024ஆம் ஆண்டுக் கோடையில் எம் மகள் தன் தோழியருடன் அவ்வண்டியை இழுத்துச் சென்றாள். திரும்பும் நாள் மழை. மாலையில் தொலைபேசியில் அழைத்தாள்: "அப்பா, மாமாவின்ரை முற்றத்திலை நிக்கிறம். காயுமட்டும் வரமாட்டம். சாப்பாட்டை எடுத்து வையுங்கோ."

எம் சாரண ஆசிரியர் இன்று இல்லை. அவர் எம்மை நிறுத்திவைத்த மைதானம் இன்றும் உண்டு. கல்லூரி அன்னை நீடு வாழ்க.