லைடன் தீவிலிருந்து லைடன் நகருக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கிடக்கும் தீவுகளுக்கு ஒல்லாந்தர் தம் தாயகத்து நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. வேலணை, சரவணை, நாரந்தனை, ஊர்காவற்றுறை முதலிய ஊர்களைத் தன்னகத்தே கொண்ட தீவு லைடன் எனப்பட்டது. இப்பெயர்களுட் பல வழக்கொழிந்து போயின. ஆயினும் 'லைடன் தீவு' என்னும் பெயரை எம்மூர் முதியோர் பலர் இன்றும் அறிவர்.

வேலணையிற் பிறந்த எனக்கு, அந்தப் பெயரைத் தந்த நகரையே நேரிற் காணும் வாய்ப்பு 2019 ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்திற் கிட்டியது. சட்டம் பயின்றுகொண்டிருந்த என்னை, மாணவர் பரிமாற்றத் திட்டம் ஒன்றின்கீழ் ஐந்து மாத காலத்துக்கு லைடன் சர்வகலாசாலைக்கு அனுப்பினார்கள். அந்நாட்களிற் கண்டவற்றையும் கேட்டவற்றையும், அவை என் மனத்தில் எழுப்பிய வினாக்களையும் நேயர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீரும் செங்கல்லும்

அம்ஸ்ரடாம் விமான நிலையத்திலிருந்து புகையிரதத்திற் புறப்பட்டால் அரை மணி நேரத்துக்குள் லைடனை அடைந்துவிடலாம். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் முதலிற் கண்ணிற் படுபவை ஆயிரக்கணக்கான துவிச்சக்கர வண்டிகளே. பேராசிரியரும் துவிச்சக்கர வண்டியில் வருகிறார். மாணவரும் அதிலேயே வருகிறார். இரு குழந்தைகளை முன்னும் பின்னும் இருத்தி, மழையிலும் காற்றிலும் மிதித்துச் செல்லும் தாய்மாரைக் காணும்போது, அந்நாட்டாரின் உடலுறுதி நமக்கு விளங்கும்.

பழைய நகரைச் சுற்றி அகழி போன்ற ஒரு வாய்க்கால் ஓடுகிறது. றைன் நதியின் இரு பழைய கிளைகள் நகரின் நடுவே வந்து கூடுகின்றன. புதன்கிழமைகளிலும் சனிக்கிழமைகளிலும் அக்கரைகளிற் சந்தை கூடும். மீனும் பூவும் பாலாடைக்கட்டியும் அங்கே குவிந்து கிடக்கும். லைடன் பாலாடைக்கட்டி என்று ஒருவகை உண்டு. அதை வாயில் இட்டபோது நற்சீரகம் பல்லிற் கடிபட்டது. நமது இரசத்துக்கு மணம் தரும் பொருள் ஒல்லாந்தரின் பாற்கட்டிக்குள் எப்படிப் புகுந்ததென்று வியந்தேன். மரக்கலங்கள் கீழைநாட்டு வாசனைப் பண்டங்களைத் தேடி ஓடிய சரித்திரம் முழுவதும் அந்த ஒரு வாய் உணவில் நினைவுக்கு வந்தது.

நகரின் மத்தியில், மனிதர் மண் கொட்டி எழுப்பிய மேடு ஒன்றின்மேல் வட்டமான பழங்கோட்டை ஒன்று நிற்கிறது. அதில் ஏறி நின்றால் இரு பெருந் தேவாலயங்களும் செந்நிற ஓட்டுக் கூரைகளும் தெரியும். வீதிகளில் நடக்கும்போதோ சுவர்கள் நம்மோடு பேசும். 1992 இல் ருஷ்யக் கவிஞர் மரீனா ஸ்வெத்தாயெவாவின் கவிதை ஒன்றை ஒரு சுவரில் எழுதத் தொடங்கிய முயற்சி, இன்று நூற்றுக்கு மேற்பட்ட சுவர்களுக்குப் பரவியிருக்கிறது. பல மொழிக் கவிதைகள் அவ்வம்மொழியின் எழுத்திலேயே தீட்டப்பட்டுள்ளன. மொழி விளங்காவிடினும் நின்று பார்த்துவிட்டுத்தான் போகத் தோன்றும்.

முற்றுகையும் சர்வகலாசாலையும்

இந்நகரத்தார் தம் சரித்திரத்தில் ஒரு நாளை மறப்பதேயில்லை. அது 1574 ஒக்ரோபர் 3. அப்போது ஒல்லாந்து ஸ்பானிய மன்னனின் ஆட்சியை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தது. ஸ்பானியப் படை லைடனைச் சூழ்ந்துகொண்டது. மாதக்கணக்காக உணவு உள்ளே வரவில்லை. பசியும் கொள்ளைநோயும் ஆயிரக்கணக்கானோரை மாய்த்தன. சரணடைவோம் என்று கூக்குரலிட்ட மக்களிடம் நகரத் தலைவர் வான் டெர் வேர்வ், தம் கையை வெட்டி உண்ணுங்கள், நகரை மட்டும் கொடுக்கமாட்டேன் என்று சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது.

ஒல்லாந்தர் அப்போது கையாண்ட உபாயம் விந்தையானது. கடலைத் தடுத்து நின்ற தம் அணைகளைத் தாமே உடைத்தனர். வெள்ளம் வயல்களின்மேற் பரவிற்று. அந்த வெள்ளத்தின்மீது தட்டையான படகுகள் நகரை நோக்கி வந்தன. நீர் ஏறக் கண்ட ஸ்பானியர் இரவோடிரவாகப் பின்வாங்கினர். மறுநாட் காலை மீட்புப் படகுகள் பசித்தவர்களுக்குக் கொணர்ந்தவை ஹெரிங் மீனும் வெள்ளைப் பாணும்.

அடுத்த ஆண்டு, 1575 இல், ஒறேஞ்சு இளவரசர் வில்லியம் இந்நகருக்கு ஒரு சர்வகலாசாலையை வழங்கினார். வரிவிலக்கு வேண்டுமா, சர்வகலாசாலை வேண்டுமா என்று அவர் கேட்க, நகரத்தார் சர்வகலாசாலையையே தேர்ந்தனர் என்பது அங்குள்ளோர் பெருமையுடன் சொல்லும் கதை. கதை மெய்யாயினும் அன்றாயினும், அதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருவதே அவர்கள் எதை உயர்வாகக் கருதினர் என்பதைக் காட்டும். 'சுதந்திரத்தின் அரண்' என்பது அச்சர்வகலாசாலையின் இலத்தீன் விருதுவாக்கியத்தின் பொருள்.

அரண் என்ற சொல்லுக்கேற்பப் பெரியோர் பலரை அது வளர்த்தது. சர்வதேசச் சட்டத்தின் முன்னோடியான குறோஷியஸ் பதினொரு வயதில் அங்கே மாணவரானார். 1908 இல் காமர்லிங் ஒன்னஸ் என்னும் விஞ்ஞானி ஹீலியம் வாயுவை முதன்முதலாகத் திரவமாக்கியதும், 1911 இல் மீக்கடத்துதிறனைக் கண்டறிந்ததும் இந்நகரிலேயே. பழைய சர்வகலாசாலைக் கட்டடத்தில் 'வியர்வை அறை' என்றொரு சிற்றறை உண்டு. பரீட்சை முடிவுக்காக மாணவர் காத்திருந்து வியர்த்த இடம் அது. சித்தியெய்தியோர் சுவரில் தம் பெயரை எழுதிச் செல்வர். நெல்சன் மண்டேலாவின் கையொப்பமும் அக்கட்டடத்திற் காணக் கிடைக்கும்.

எதிரியின் பானை

ஒக்ரோபர் 3 ஆம் நாள் நகரமே திருவிழாக் கோலம் பூண்டது. ஹெரிங் மீனும் வெள்ளைப் பாணும் இலவசமாக வழங்கப்பட்டன. நான் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளர், எழுபது வயதைக் கடந்த மூதாட்டியார், அன்று என்னைப் போசனத்துக்கு அழைத்தார். உருளைக்கிழங்கையும் கரட்டையும் வெங்காயத்தையும் அவித்து மசித்து, மாட்டிறைச்சியுடன் பரிமாறும் 'ஹுட்ஸ்பொட்' என்ற உணவு மேசையில் இருந்தது. இறைச்சியை நான் விலக்க, அவர் அதற்காகவே தனியாக ஒரு சட்டியில் எடுத்து வைத்திருந்ததைக் கண்டு நெகிழ்ந்தேன்.

அவ்வுணவின் கதையை அவர் சொன்னார். முற்றுகை நீங்கிய இரவில் ஓர் அநாதைச் சிறுவன் ஸ்பானியரின் பாசறைக்குட் சென்றானாம். அங்கே ஆறாத கறிப் பானை ஒன்றைக் கண்டு நகருக்கு எடுத்து வந்தானாம். அந்தப் பானை இதுவென்று சொல்லப்படும் ஒன்று நகரின் அரும்பொருட்சாலையில் இன்றும் இருக்கிறது. தம்மைப் பட்டினி போட்ட பகைவனின் உணவையே இவர்கள் விடுதலை நாளின் விருந்தாகக் கொண்டுள்ளனர்!

பின்னர் அவர் தம் தாயாரைப் பற்றிப் பேசினார். 1944 ஆம் ஆண்டின் இறுதியில் ஜேர்மனியரின் ஆட்சியின்கீழ் மேற்கு ஒல்லாந்து பட்டினியில் ஆழ்ந்தது. 'பசிக்குளிர்காலம்' என்பர் அதனை. இருபதினாயிரம் பேருக்கு மேல் மாண்டனர். தாயார் துலிப் பூக்கிழங்கை அவித்து உண்டு பிழைத்தாராம். "உன் வீட்டாருக்கும் இப்படி ஏதேனும் நேர்ந்ததுண்டோ?" என்று கேட்டார்.

1990 இல் எங்கள் குடும்பம் தீவை விட்டு இடம்பெயர்ந்ததை நான் சொன்னேன். நான் பிறக்கு முன் நடந்தது அது. அம்மா வீட்டுச் சாவியை மட்டும் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தார். வீடு பின்னர் இல்லாமற் போயிற்று. சாவி இன்றும் இருக்கிறது. மூதாட்டியார் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "அந்தச் சாவியைப் பற்றி அம்மா சொன்னவற்றை எழுதி வைத்திருக்கிறாயா?" என்றார். இல்லை என்றேன். "எழுதி வை" என்று மட்டும் சொன்னார்.

நம் நாட்டின் சுவடுகள்

அந்நகரில் நம் நாட்டின் சுவடுகளைத் தேட வேண்டிய சிரமமே இல்லை. 1590 இல் நிறுவப்பட்ட தாவரத் தோட்டம் ஒன்று அங்குண்டு. அதன் தலைவராயிருந்த போல் ஹேர்மன், 1672 முதல் 1677 வரை ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராக இலங்கையில் வாழ்ந்து மூலிகைகளைச் சேகரித்தவர். அவருடைய சேகரிப்பை ஆதாரமாகக் கொண்டே லின்னேயஸ் 1747 இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார்.

நான் கற்க வந்த சட்டமும் நம்மோடு தொடர்புடையதே. இலங்கையில் இன்றும் பொதுச் சட்டமாக விளங்கும் உரோம - ஒல்லாந்தச் சட்டத்தின் மூல ஆசிரியர்களுள் ஒருவரான வூட், லைடனிற் பேராசிரியராயிருந்தவர். அவர் நூலை நம் நீதிமன்றங்கள் மேற்கோள் காட்டுவதுண்டு. நாம் அலுவலகத்தைக் 'கந்தோர்' என்று சொல்வதும் அவர்கள் விட்டுச் சென்ற சொல்லே.

நூலகத்தில் ஒருநாள் பல்தேயுஸ் பாதிரியார் எழுதி 1672 இல் அம்ஸ்ரடாமில் அச்சான பெருநூலை விரித்துப் பார்த்தேன். லைடனில் இறையியல் கற்று, 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய காலத்தில் இங்கு வந்து பணியாற்றியவர் அவர். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு என்று நம்மூர்த் தேவாலயங்களின் சித்திரங்கள் ஒவ்வொரு பக்கமாக வந்தன. செப்புத் தகட்டிற் பொறித்து அச்சிட்ட தமிழ் எழுத்துகளும் இருந்தன. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால், குளிர்ந்த ஓர் அறையில், அந்த 'அ'கரத்தைக் கண்டபோது உண்டான மகிழ்ச்சியைச் சொல்லிற் கூற இயலாது.

ஆனால் மகிழ்ச்சியோடு ஒரு கசப்பும் எழுந்தது. 1574 இல் தம் சுதந்திரத்துக்காகப் பட்டினி கிடந்த மக்கள், 84 ஆண்டுகளின் பின் நமது கோட்டையை முற்றுகையிட்டு ஆட்சியாளராக வந்தனர். தம் மனச்சாட்சிப்படி வழிபட விரும்பி இங்கிலாந்தை விட்டு ஓடிவந்தோருக்கு 1609 இல் லைடன் நகரம் புகலிடம் தந்தது. அதே நாட்டாரின் ஆட்சியில் யாழ்ப்பாணத்தார் தம் தெய்வத்தைப் பகிரங்கமாக வழிபட முடியவில்லை. இந்த இரண்டும் ஒரே நாட்டின் சரித்திரந்தான். வகுப்பில் இதை நான் எடுத்துச் சொன்னபோது ஒல்லாந்த மாணவர் ஒருவரும் சினங்கொள்ளவில்லை. எந்த ஆவணத்தில் இது காணப்படுகிறது, இன்னும் என்ன படிக்கலாம் என்றே கேட்டனர். அந்தக் கேள்விதான் ஒரு சர்வகலாசாலையின் உண்மையான பெருமை என்று நினைக்கிறேன்.

பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆனைமங்கலச் செப்பேடுகளும் நான் பயின்ற காலத்தில் அந்நூலகத்திலேயே இருந்தன. நாகபட்டினத்துப் பௌத்த விகாரைக்குச் சைவனான இராசராச சோழன் அளித்த கிராம வருமானத்தைப் பற்றியவை அவை. 1862 இல் சர்வகலாசாலைக்கு வந்து சேர்ந்ததனால் அறிஞர் அவற்றை 'லைடன் செப்பேடுகள்' என்றே அழைத்தனர். தன் ஏடுகளுக்கு அயலூர்ப் பெயர் வழங்குவதைக் கேட்டு ஒரு தமிழ் மாணவன் பெருமைப்படுவதா, துயருறுவதா? இந்தியா அவற்றைத் திருப்பித் தருமாறு கேட்டது நியாயமே. அதேவேளை, 1981 இல் ஏறக்குறைய 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்ட நம் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை நினையாமல் அந்த வாசகசாலையில் என்னால் அமர்ந்திருக்க முடியவில்லை. உரிமை வேறு, பேணல் வேறு. நமக்கு இரண்டும் வேண்டும்.

மாணவர்க்கு ஒரு சொல்

வெளிநாடு செல்லும் நம் மாணவர் பலர் கட்டடங்களையும் கடைகளையும் படமெடுத்துத் திரும்புகின்றனர். அதிற் குற்றமில்லை. ஆயினும் அங்குள்ள நூலகங்களிற் சில நாட்களைச் செலவிடுங்கள். உங்கள் ஊரின் பெயர் ஏதோ ஒரு பழைய ஏட்டில் உங்களுக்காகக் காத்திருக்கக்கூடும். புறப்படுமுன் உங்கள் பாட்டனாரிடமும் பாட்டியாரிடமும் ஊர்க் கதைகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நம் கையில் ஒரு கதை இருந்தாற்றான் அயலவரின் கதையை நாம் அளந்தறிய முடியும்.

நான் திரும்பி வந்த மாதத்திலேயே ஒரு கொப்பி வாங்கினேன். முதற் பக்கத்தில் அம்மாவின் சாவியைப் பற்றி எழுதியிருக்கிறேன். இப்போது அது நாற்பதாம் பக்கத்தைக் கடந்துவிட்டது. அயலிலுள்ள முதியவர்களும் தாமாகவே வந்து சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள்.