நிலம் தேதியான கதை

புதுச்சேரியிலிருந்து கடலூர்ச் சாலையில் தெற்கே வருகிறவர்கள் கிருமாம்பாக்கத்தைப் பேருந்துச் சன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள், பார்த்ததை மறந்துமிருப்பார்கள். மேற்கே சற்றுத் தள்ளிப் பாகூர், அதன் பெரிய ஏரி, அந்த ஏரித் தண்ணீரை நம்பிய வயல்கள். தெற்கே கொஞ்ச தூரத்தில் கடலூர் மாவட்டம். எல்லை நேர்கோடாக ஓடாத பகுதி இது. புதுச்சேரியின் ஊர்களும் தமிழ்நாட்டின் ஊர்களும் கைவிரல்களைக் கோத்ததுபோலக் கலந்து கிடக்கின்றன. ஒரு வரப்பைத் தாண்டினால் அரசாங்கம் மாறிவிடும் என்று சிறுவயதில் விளையாட்டாகச் சொல்லிக்கொள்வோம். அந்த வரப்பு என் பிழைப்புக்குள் வந்து காலை இடறிவிடும் என்று அப்போது நினைக்கவில்லை.

நான் பார்க்கும் வேலையை ஊரில் யாருக்கும் விளங்கச் சொன்னதில்லை. வேளாண் கடன் தரும் நிறுவனங்களுக்காக ஆவணங்களைப் பராமரிக்கும் அலுவலகம் எங்களுடையது. விண்ணப்பம், நிலப்பத்திரம், பட்டா, அடையாள அட்டை எல்லாம் ஒளிநகலாக ஓர் ஆவண மேலாண்மைத் தளத்தில் ஏறும். அந்தத் தளம் ஒரு நல்ல பீரோ; தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும், கேட்டால் எடுத்துத் தரும். ஆனால், பாகூர்ப் பகுதியில் முப்பது சென்ட்டுக்குக் குறைவாக வைத்திருப்பவர் எத்தனை பேர் என்று கேட்டால் பீரோவால் பதில் சொல்ல முடியாது. அதற்குத் தரவுக்கிடங்கு வேண்டும். ரெட்ஷிஃப்ட், பிக்குவெரி, ஸ்னோஃப்ளேக் என்று சென்ற பதினைந்து ஆண்டுகளாகப் பேசப்படும் மேகக் கிடங்குகள் தரவை வரிசை வரிசையாக அல்லாமல் பத்தி பத்தியாக அடுக்கி வைப்பவை. பரப்பளவை மட்டும் கூட்டிச் சொல் என்றால் அந்த ஒரு பத்தியை மட்டும் படித்துக் கோடிக்கணக்கான வரிகளையும் நொடிகளில் கூட்டிவிடும்.

பீரோவுக்கும் கிடங்குக்கும் நடுவே ஒரு வாய்க்கால் வெட்டுவதுதான் எனக்கு இடப்பட்ட பணி. ஓர் ஆவணம் ஏறியதும் தளமே ஒரு செய்தி அனுப்பும், என் நிரல் விழித்துக்கொண்டு பெயர், தகப்பன் பெயர், சர்வே எண், பரப்பு ஆகியவற்றைப் பிரித்தெடுக்கும், வகை பார்த்து மாற்றும், கிடங்கில் சேர்க்கும். மனிதக் கை படாது. வகைக்குப் பொருந்தாதவை ‘நிராகரிப்பு’ என்ற உறைக்குப் போகும். எனக்கு ஒரு மின்னஞ்சல் வரும். சோதனைக்குக் கடலூர்ப் பக்கத்துப் பட்டாக்களை எடுத்துக்கொண்டேன். எல்லாம் சரியாக ஓடியது. ஒரு மாதத்தில் மின்னஞ்சல்கள் பெருகின. தொல்லையாக இருந்ததால் அவை தனியறைக்குப் போகும்படி நானே வடிகட்டி வைத்தேன். இந்தக் கட்டுரையில் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய இடம் இதுதான்.

ஓர் ஐப்பசி மாதத்தில் பெரியப்பா தொலைபேசியில் அழைத்தார். சம்பா நடவுக்குக் கடன் கேட்டிருந்தார்.

“தம்பி, எனக்கு நிலமே இல்லைன்னு சொல்றாங்கப்பா. பரப்பு பூஜ்யமாம். பத்திரத்தைக் காட்டினேன். கம்ப்யூட்டர்ல அப்படித்தான் இருக்குதுங்கறான் அந்தப் பையன். உனக்குத்தான் அந்த வேலை தெரியுமே, என்னன்னு கேட்டுச் சொல்லு.”

கேட்டுச் சொல்ல யாரும் இல்லை; கேட்க வேண்டிய ஆள் நானே. அன்றிரவு அவருடைய ஆவணத்தைத் திறந்தேன். தாளில் தெளிவாக இருந்தது: 00-12-05. பூஜ்யம் எக்தார், பன்னிரண்டு ஆர், ஐந்து சென்டியார். 1795இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு சட்டமாக்கிய மெட்ரிக் அளவைகளில் ஒன்று ‘ஆர்’. நூறு சதுர மீட்டர். பிரெஞ்சுக்காரர்கள் 1954இல் நிர்வாகத்தைக் கைமாற்றிப் போன பிறகும் இந்தப் பக்கத்து நிலம் அந்த அளவையிலேயே எழுதப்படுகிறது. ஆயிரத்து இருநூற்றைந்து சதுர மீட்டர். ஏறக்குறைய முப்பது சென்ட். பெரியப்பாவின் உலகம் அவ்வளவுதான்.

வரப்புக்கு அப்பால், தமிழ்நாட்டுப் பட்டாவிலும் எக்தாரும் ஏரும்தான். ஆனால் ஏரின் பின்னம் புள்ளி வைத்து எழுதப்படும். என் நிரல் அந்தப் புள்ளிக்குப் பழகியிருந்தது. இரண்டு கோடுகளால் பிரித்த மூன்று இரட்டை இலக்கங்களைக் கண்டதும் இடையிலிருந்த வகையறியும் கருவி அதைத் தேதி என்று முடிவு செய்தது: 2000ஆம் ஆண்டு, டிசம்பர் 5. பரப்புப் பத்தியில் எண் மட்டுமே நுழையலாம், தேதி நுழையாது. எனவே அந்த இடம் வெறுமையாக விடப்பட்டது. அறிக்கை தயாரிக்கும் படியில் வெறுமை பூஜ்யமானது. பூஜ்யம் நிலம் உள்ளவருக்குக் கடன் இல்லை. ஒவ்வொரு படியும் தன்னளவில் நியாயமாகவே நடந்துகொண்டிருக்கிறது.

00-26-75 போன்றவை தேதியாகவும் முடியாமல் நிராகரிப்பு உறைக்குப் போயிருந்தன. அவையாவது முறையிட்டன, நான்தான் கேட்கவில்லை. தேதியாகக்கூடிய நிலங்களோ சத்தமில்லாமல் மறைந்துவிட்டன.

இது எனக்கு மட்டும் நேர்ந்த மடமை அன்று. மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு 2020இல் சில பெயர்களையே மாற்ற வேண்டி வந்தது. ‘மார்ச் 1’, ‘செப்ட் 1’ போன்ற குறியீடுகளை எக்செல் தேதியாக்கிக்கொண்டே இருந்தது. ஆராய்ச்சிக் கட்டுரைகளின் அட்டவணைகளில் பிழை மலிந்தது. அப்போது மென்பொருள் மாறவில்லை, மரபணு பெயரை மாற்றிக்கொண்டது. விஞ்ஞானிகளுக்குக் குழு இருக்கிறது. பெரியப்பா தன் நிலத்தின் அளவை எப்படி மாற்றிக்கொள்வார்?

மறுநாள் ஊருக்குப் போனேன். பெரியம்மாவின் கழுத்துச் சங்கிலி அதற்குள் அடகுக்கடைக்குப் போயிருந்தது. நடவு காத்திருக்காது. திண்ணையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். எழுதியவன் நான்தான் என்பதையும் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். வெற்றிலையை மடித்தபடி, “எனக்கு நீ இருந்த, கேட்டேன். இன்னும் எத்தனை பேருக்கு இப்படி ஆச்சு?” என்றார். பதில் என்னிடம் இல்லை.

திரும்பும்போது பாகூர் வழியாக வந்தேன். 1879இல் இந்த ஊரில் கிடைத்த செப்பேடுகள் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் இங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடுக்கப்பட்ட செய்தியைச் சொல்பவை. அக்காலக் கொடைகளில் ஆணை ஓலையாக வந்ததோடு காரியம் முடிந்துவிடாது. நாட்டார் அதை வணங்கி வாங்கிக்கொள்வார்கள்; பிறகு எல்லையைச் சுற்றி நடப்பார்கள்; கல்லும் கள்ளியும் நடுவார்கள். அதன் பின்னரே அது பதிவாகும். ஓலைக்கும் பதிவுக்கும் நடுவே ஒரு நடை இருந்தது. ஓலையில் எழுதியது மண்ணில் இருக்கிறதா என்று கால்கள் பார்த்துக்கொண்டன. நான் வெட்டிய வாய்க்காலில் அந்த நடையை எடுத்துவிட்டு, அதற்கு வேகம் என்று பெயரிட்டிருந்தேன்.

அலுவலகத்தில் மூன்று மாற்றங்கள் செய்தேன். ஆவணத்தில் உள்ளது உள்ளபடியே, எழுத்தாகவே, முதலில் கிடங்கில் ஏறும். எண்ணாக்குவது அதன் பிறகு, கிடங்குக்குள்ளேயே. மாற்றம் தவறினாலும் மூலம் பக்கத்தில் இருக்கும். இரண்டாவது, ஒவ்வொரு வரியும் தன் ஆவண எண்ணைச் சுமந்து செல்லும். பூஜ்யத்தைக் காண்பவர் ஒரு சொடுக்கில் தாளைக் காணலாம். மூன்றாவது, வெறுமை இனிப் பூஜ்யம் ஆகாது. வெறுமையை வெறுமை என்றே காட்டி, ஒருவர் பார்க்கும்வரை முடிவை நிறுத்திவைக்கும்.

பிறகு எண்ணினேன். இரண்டு வகையும் சேர்த்து இருநூறுக்கும் மேல். பெரும்பாலும் பாகூர், வில்லியனூர்ப் பக்கத்து நிலங்கள். பெரும்பாலும் சிறிய நிலங்கள். எல்லாம் திருத்தி அனுப்பப்பட்டன. ஆனால் அந்தப் பருவத்து நடவுக்கு எத்தனை பேருக்குப் பணம் நேரத்தில் போய்ச் சேர்ந்தது, எத்தனை வீடுகளில் நகை அடகுக்குப் போனது என்பதைச் சொல்ல எந்தப் பத்தியும் கிடங்கில் இல்லை.

பெரியம்மாவின் சங்கிலி தை அறுவடைக்குப் பிறகு மீண்டது. வட்டியை நான் தருகிறேன் என்றதற்குப் பெரியப்பா சம்மதிக்கவில்லை. மின்னஞ்சல் வடிகட்டியை அன்றே நீக்கிவிட்டேன். இப்போதும் காலையில் முதல் வேலையாக நிராகரிப்பு உறையைத் திறந்து ஒவ்வொரு தாளாகப் பார்க்கிறேன். அரைமணி நேரம் ஆகிறது. இதையும் தன்னியக்கமாக்கிவிடலாமே என்று இளைய சகா ஒருவர் கேட்டார். ஆக்கலாம். ஆனால் செய்வதாக இல்லை.