மைப் பென்சில் கணக்கு

பழைய பேரேடு பைண்டிங்குக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது அட்டையின் உள்பக்கத்தைத்தான். அட்டைக்குப் பலம் சேர்க்க அந்தக்கால பைண்டர்கள் கையில் கிடைத்த வேண்டாத காகிதத்தையெல்லாம் உள்ளே வைத்து ஒட்டிவிடுவார்கள். மதுரையில் கடை வைத்திருந்த என் அப்பாவும் அப்படித்தான். கல்யாணப் பத்திரிகை இருக்கும், பஞ்சாங்கத் தாள் இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் நாடக நோட்டீஸ். ஆட்டம் முடிந்த மறுநாள் காலையில் அந்த நோட்டீஸுக்கு வேறு என்ன வேலை? கடலை மடிக்கப் போனதெல்லாம் போயிற்று. பசைக்குள் போனது பிழைத்துக்கொண்டது.

முப்பது வருஷமாக இவற்றைப் பிரித்தெடுத்து, ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்கிறேன். பிழைப்பு என்னவோ இன்னும் பைண்டிங்தான்.

நாடக நோட்டீஸைப் படிக்கத் தெரிய வேண்டும். கம்பெனி நாடகம் என்றால் சபையின் பெயர்தான் கொட்டை எழுத்தில் இருக்கும். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா போன்றவை அந்த ரகம். பையன்கள் ஒரே இடத்தில் தங்கி, ஒரே உலையில் சாப்பிட்டு, ஒத்திகை பார்த்து, ஊர் ஊராகப் போவார்கள். ஸ்பெஷல் நாடகம் வேறு. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து பஸ் ஏறி வருவார். ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், பபூன் மூன்றாவது ஊர், ஆர்மோனியம் நாலாவது ஊர். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’ என்றால் சுவாமிகளின் பாடம் எல்லோருக்கும் மனப்பாடம். அன்றைக்கு ராத்திரி முகம் தெரியாத ஆளோடு நின்று விடிய விடிய நடித்துவிடுவார்கள். அதனால்தான் ஸ்பெஷல் நாடக நோட்டீஸில் ஒவ்வொரு பெயரும் தன் ஊரைச் சுமந்துகொண்டு தனியாக நிற்கிறது.

பெரும்பாலான நோட்டீஸில் வருஷம் இருக்காது. கிழமையும் தேதியும் மட்டும். நவம்பர் 12, சனிக்கிழமை என்று இருந்தால் அது 1921, 1927, 1932, 1938, 1949 என்று எதுவாகவும் இருக்கலாம். பிரபவ என்றோ ஆங்கீரச என்றோ மூலையில் ஒரு வார்த்தை இருந்தால் பிழைத்தோம். 1927, 1932 என்று சொல்லிவிடலாம். பாடகநடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் பெயர் இருந்தால் 1933 டிசம்பருக்கு இந்தப் பக்கம் வராது. டிக்கெட் நயா பைசாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு அந்தப் பக்கம் போகாது. ஆனால் முகத்தை மட்டும் நம்பக் கூடாது. அச்சகத்தில் மரக்கட்டையில் அடித்த பிளாக் ஒன்று இருந்தால் அதையே வருஷக்கணக்கில் ஓட்டுவார்கள். ஒரே ஸ்திரீபார்ட்டின் நோட்டீஸ் நாலு என்னிடம் இருக்கிறது. முதலாவது அணாவில், கடைசி நயா பைசாவில். நாலிலும் அதே பெண், அதே ஜிமிக்கி. பிளாக்தான் தேய்ந்து, கன்னத்தில் புள்ளி புள்ளியாக மை அப்பியிருக்கிறது.

கிட்டப்பா இருபத்தேழு வயதில் போனார். ஆனாலும் இசைத்தட்டில் குரல் நின்றுவிட்டது. அவரோடு மேடையேறிய கே.பி. சுந்தராம்பாளுக்கு சினிமா இருந்தது. சிறைக்கும் மேடைக்கும் நடந்து தீர்த்த விஸ்வநாத தாஸ், 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில் முருகன் வேஷத்தில் மயில் மேல் உட்கார்ந்தபடியே உயிரை விட்டார். அந்தச் சாவே அவரை மறக்கவிடாது. மிச்சமுள்ள நூற்றுக்கணக்கான பேருக்கு இந்த மஞ்சள், ரோஸ் தாள்தான். அதிலும் பபூன் பெயர் பொடி எழுத்து. மிருதங்கக்காரர் பெயர் மடிப்பில் வரும். முதலில் கிழிவது மடிப்புதான்.

வேலை என்று பார்த்தால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அப்பா மைதாப் பசையில் மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்டுக் காய்ச்சுவார், பூச்சி வராமலிருக்க. பூச்சி வராது; ஆனால் துத்தத்தில் உள்ள செம்பு தாளையே மெல்ல அரித்துவிடும். நான் போடுவதில்லை. கிழிசலுக்குப் பின்னால் மெல்லிய ஜப்பான் டிஷ்யூ, தண்ணியாகக் கரைத்த பசை, மேலே பாரம், ஒரு ராத்திரி. செல்லோ டேப் ஒட்டிக் கொண்டுவருகிறவர்களைக் கண்டால்தான் கோபம் வரும். லேமினேஷன் செய்து கொண்டுவந்தால் கோபப்படவும் தெம்பிருக்காது.

இப்படிப் பேசுகிற நான் செய்த பாவம் ஒன்று உண்டு. ஆரம்பத்தில், அழுக்கேறிய ஒரு நோட்டீஸைத் தட்டில் தண்ணீர் விட்டு மிதக்கவிட்டேன். அச்சு மை எண்ணெய் மை, கரையாது என்ற தைரியம். பின்பக்கத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கத்தரிப்பூ நிறமாயிற்று. பதறி எடுத்துத் திருப்பினால், காண்ட்ராக்டர் யாரோ மைப் பென்சிலால் எழுதியிருந்த கணக்கு. நனைந்தால் ஊதாவாகப் பூத்துக் கரைகிற பென்சில் அது. ‘ஆர்மோனியம்’ என்ற சொல்லும் அதற்கு எதிரே ஒரு ‘ரூ’வும் கண்ணில் பட்டன. யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது நான் பார்க்கப் பார்க்கத் தட்டில் கலந்துவிட்டது. முன்பக்கம் பளிச்சென்று இருந்தது. இன்றைக்கும் அதைச் சட்டம் போட மனசு வரவில்லை.

அதற்குப் பிறகு பின்பக்கம் பார்க்காமல் எதிலும் கை வைப்பதில்லை. இன்னொன்றும் பழகிக்கொண்டேன்: இல்லாததை எழுதுவதில்லை.

போன வருஷம் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் வந்தார். மஞ்சள் பைக்குள் நியூஸ் பேப்பர், அதற்குள் எட்டாக மடித்த நோட்டீஸ். அவர் அம்மா ஸ்திரீபார்ட்டாம். ஊர்ப் பெயர் தெளிவாக இருந்தது. அடுத்த இடத்தில் ராமபாணப் பூச்சி தின்றது போக ‘ம்பாள்’ மட்டும் பாக்கி.

“அம்மா பேரை அதே மாதிரி எழுத்துல போட்டுக் கொடுத்துருங்க தம்பி. பார்த்தா தெரியக் கூடாது.”

போட முடியும். அந்தப் பழைய அச்செழுத்தை அச்சு அசலாக வரைய எனக்குக் கை வரும். அதனால்தான் பயம். நாளைக்கு இதைப் பார்க்கிறவனுக்கு எது அச்சகத்தான் கோத்தது, எது நான் வரைந்தது என்று தெரியாமல் போய்விடும். ஓட்டையில் தாளின் நிறத்துக்குக் கொஞ்சம் வெளிறிய டிஷ்யூவை மட்டும் வைத்து அடைத்தேன். பத்து நாள் கழித்து வந்து பார்த்தவருக்கு முகம் விழுந்துவிட்டது.

நோட்டீஸைக் கவிழ்த்து அவர் முன்னால் வைத்து, சாதா பென்சில் ஒன்றைக் கொடுத்தேன். “பின்னாடி உங்க கையாலேயே எழுதுங்கண்ணே. எழுதினது யாரு, என்னைக்குன்னும் போட்டுருங்க.”

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். எழுதுவதற்கு முன் பென்சில் முனையை நாக்கில் ஒருமுறை தொட்டுக்கொண்டார், டிக்கெட் கிழித்த காலத்துப் பழக்கமோ என்னவோ.

“இது அந்தப் பென்சில் இல்லண்ணே” என்றேன்.

“தெரியும்” என்று சொல்லிவிட்டுக் குனிந்தார்.